தாசில்தாரின் ஒற்றைச் சிறுநீரகம்

மாசி மாதம் நாங்கள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நோயாளி நானும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. எங்கள் நாய். 'நாய்க்கா ஐந்து நாள்' என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு நாயையோ பூனையையோ வைத்துக்கொண்டு, அதற்கு ஒன்று என்றால் சோறு இறங்காமல் தவிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவன் நன்றாக இருக்கிறான். இதை எழுதும்போது என் காலடியில் படுத்து வாலால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறான். நீங்கள் பயப்படாமல் படிக்கலாம். பயந்து முடித்தவள் நான்.

அவன் பெயர் தாசில்தார். செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய், ஆறு வயது. என் மகள் யாழினி கல்லூரியில் படித்தபோது, திருவையாற்றுப் பேருந்து நிலையத்தில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். குட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் இளங்கோவன். அந்தச் சமயம் அவர் ஒரு பட்டா மாறுதலுக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தார். "நெலத்தைப் பார்க்க அந்தத் தாசில்தார் வரமாட்டேங்கறாரு, இவனாவது பார்க்கட்டும்" என்றார். நாயும் பெயருக்கு ஏற்றபடிதான் வளர்ந்தது. தினமும் காலையில் வரப்பு வரப்பாக நடக்கும், எல்லாவற்றையும் மோந்து பார்க்கும், ஒரு முடிவும் சொல்லாமல் வீடு திரும்பும்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் கருப்புச் சட்டைக்காரர். எங்கள் கல்யாணத்தில் ஐயர் கிடையாது, நல்ல நேரம் கிடையாது. ராகு காலத்தில்தான் நடந்தது. தாலி மட்டும் என் அம்மா அழுத அழுகைக்காகக் கட்டினார். குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பாரே தவிர, படி ஏறமாட்டார். நான் விரதம் இருக்கும் நாளில், "நல்லதுதான், சோறு மிச்சம்" என்பார். இருபத்தாறு வருடமாக இந்த மனிதரோடு வாதாடி வாதாடி என் தொண்டைதான் தேய்ந்தது.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. செயின் வண்டி என்று நாங்கள் சொல்லும் அறுவடை இயந்திரம் வயலைச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு வரும். அது வர வர, எலிகள் எல்லாம் நடுவில் மிச்சம் நிற்கும் கதிருக்குள் ஒதுங்கும். கடைசிச் சுற்றில் ஒரே நேரத்தில் நாலாபக்கமும் பாயும். தாசில்தாருக்கு வருடத்தில் அதுதான் பண்டிகை. அன்றைக்கும் அந்தக் கடைசிப் பட்டைக்கு எதிரே காதை விறைத்துக்கொண்டு நின்றான். எலி பாய்ந்தது, இவனும் பாய்ந்தான். நெல்லை வாங்கிக்கொள்ள அதே நேரத்தில் பின்னால் வந்துகொண்டிருந்த டிரெய்லரை யாரும் கவனிக்கவில்லை, அவனும்தான். ஒரே ஒரு தடவை கத்தினான். பிறகு சத்தம் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், டிரெய்லர் சக்கரம் அவன் வலது பின்னங்காலை இடித்துத் தள்ளியிருந்தது.

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மூங்கில் சிம்பு வைத்து, வலது பின்தொடையிலிருந்து இடுப்பைச் சுற்றி அடிவயிறு வரைக்கும் பட்டையாகக் கட்டுப் போட்டார்கள். மூத்திரம் போக மட்டும் வழி விட்டிருந்தார்கள். "தொடை எலும்பு போயிருக்கு. காலையில தஞ்சாவூர் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் முழுவதும் என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அறுத்த நெல் களத்தில் கிடந்தது, மூட்டை பிடிக்க ஆள் வந்து நின்றது. "எல்லாம் நாளைக்கு" என்று கையை மட்டும் ஆட்டினார். நெல்லைவிட வேறொன்று அவருக்கு முக்கியமாக இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலையில் பக்கத்து வயல் அந்தோணி தன் குட்டியானைச் சரக்கு வண்டியைக் கொண்டுவந்தார். அதைக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, வாசலில் வந்து நின்று ஆரன் அடித்தார். பின்னால் சாக்கு மேல் தாசில்தார், அவன் தலை என் மடியில். பள்ளம் வரும்போதெல்லாம் அந்தோணி வண்டியை இறக்கி ஏற்றிய பக்குவத்தைப் பார்த்தால், அவர் பிரசவத்துக்குப் பெண்ணைக் கொண்டுபோகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

தஞ்சாவூரில் நாங்கள் போன கால்நடை மருத்துவமனையில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஆடு, கன்றுக்குட்டி, கூண்டில் ஒரு கிளி, வெள்ளை வெளேரென்று ஒரு பங்களா நாய். சீட்டு எழுதுகிற பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேரு?"

"தாசில்தார்."

"உங்க வீட்டுக்காரர் உத்தியோகம் கேக்கலம்மா. நாயோட பேரு."

"நாய் பேருதாங்க அது."

அவள் பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை எங்களைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். எங்கள் முறை வந்தபோது உள்ளேயிருந்து ஒருவர், "தாசில்தார்! தாசில்தார் உள்ள வாங்க!" என்று குரல் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் ஆட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டி நாயைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனதும், "அடப் பாவிகளா" என்று சிரித்தார். அந்தக் காலை வேளையில் எனக்கு வந்த முதல் சிரிப்பு அதுதான்.

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவசரமில்லாத கை. கட்டைப் பிரித்தால் வலிக்கும் என்று அதோடேயே எக்ஸ்ரே எடுத்து, படத்தைக் கணினியில் எங்களுக்குக் காட்டினார். எக்ஸ்ரே என்பது உள்ளே இருக்கிற கெட்டியான பொருளை வெள்ளையாகக் காட்டும், மெத்தென்று இருக்கிறதைச் சாம்பலாகக் காட்டும், அவ்வளவுதான் என்றார். தொடை எலும்பு கரும்பு ஒடிந்ததுபோல இரண்டாக நின்றது. அது எங்களுக்கே தெரிந்தது. ஆனால் டாக்டரம்மாவின் விரல் அதைத் தாண்டி அடிவயிற்றுப் பக்கம் போய் நின்றுவிட்டது. அங்கே பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம்.

"இது என்னன்னு புரியலையே" என்றார். "இந்த எடத்துலதான் மூத்திரப்பை இருக்கு. கல்லா இருக்கலாம். இல்லேன்னா எதையாவது முழுங்கி அது குடல்ல நிக்கலாம். ஆனா கல்லு இவ்வளவு வட்டமா இருக்காது, இவ்வளவு வெளுப்பாவும் இருக்காது. அதுதான் இடிக்குது."

"கால் வலின்னு வந்தா வயித்துல கல்லுங்கறீங்களே" என்றேன்.

"பயப்படாதீங்கம்மா. ஸ்கேன் பார்த்துடலாம். அது மெத்துன்னு இருக்கறதையும் காட்டும்."

ஸ்கேன் அறை காலியாவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஊருக்குப் போன் செய்து, கல்லாக இருக்கலாமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு போன் கீழே இறங்கவில்லை. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லிக் கஞ்சி, முள்ளங்கி. ஒருத்தி, தன் மாமனாருக்கு மூன்றே நாளில் கரைந்ததை விலாவாரியாகச் சொன்னாள். நாய் வாழைத்தண்டு குடிக்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தோணி சொல்லாமல் கொள்ளாமல் போய், கை நீளத்துக்கு ஒரு வாழைத்தண்டோடு வந்து நின்றார். மறுப்பது பாவம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பெஞ்சில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் அது மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

ஸ்கேன் அறையில் அடிவயிற்று முடியைச் சிரைக்க வேண்டும், அதனால் கட்டைப் பிரித்தார்கள். உதவிக்கு நின்ற ஊழியர் பட்டையைச் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்றிலிருந்து ஏதோ ஒன்று தரையில் டக்கென்று விழுந்தது. மஞ்சள் துணி முடிச்சு, ஒரு கொட்டைப்பாக்கு அளவு. டாக்டரம்மா அதை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் எங்கள் பக்கத்தில் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமிக்கு வேண்டிக்கொள்வோம். குணமானதும் அந்தக் காசைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். பொதுவாக அதைச் சாமி படத்தடியில் வைப்பார்கள். நோயாளியின் கட்டுக்குள் செருகுவது நானும் கேள்விப்படாதது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஊழியர் என்னைப் பார்த்தார். நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் ஒரு உருத்திராட்சத்தோடும் அந்த அறையில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

"அம்மா, சாமி கும்பிடறதெல்லாம் தப்பே இல்ல. ஆனா கட்டுக்குள்ள ஏம்மா வச்சீங்க? இதைத்தான் நான் கல்லு கல்லுன்னு பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்."

"சத்தியமா நான் வைக்கலீங்க!"

"அப்ப யாரு வச்சா?"

என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஃபேன் ரெகுலேட்டரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அன்றைக்கும் கருப்புச் சட்டைதான் போட்டிருந்தார்.

"நான்தாங்க" என்றார் ரெகுலேட்டரிடம். "வாய்க்கா தலைப்புல முனியாண்டி இருக்காரு. அவருக்கு... சும்மா ஒரு இதுக்காக."

எனக்கு வந்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஸ்கேன் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது முழுவதும் சிரிப்பின் தண்ணீர் இல்லை. இருபத்தாறு வருடத்தில், நான் டைபாய்டில் கிடந்தபோதுகூட இந்த மனிதர் ஒரு காசு முடியவில்லை! அதைச் சொல்லியும் காட்டினேன். "உனக்கு டாக்டர் இருந்தாங்கல்ல" என்று முணுமுணுத்தார். டாக்டரம்மா முகக்கவசத்துக்குள் குலுங்கிக்கொண்டே சிரைக்க ஆரம்பித்தார்.

ஸ்கேன் கருவி வயிற்றில் நகர்ந்தது. மூத்திரப்பையில் கல் இல்லை, மணல்கூட இல்லை. "சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. வந்ததற்கு மீதியையும் பார்த்துவிடலாம் என்று கருவியை மேலே கொண்டுபோனார். வலது சிறுநீரகம் தெரிந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. இடது பக்கம் போனார். நகர்த்தினார், திரும்பவும் நகர்த்தினார், அழுத்தினார். எங்கள் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"எடது கிட்னியைக் காணோம்" என்றார்.

"அடிபட்டதுல நசுங்கிடுச்சா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லீங்கய்யா. அடிபட்டா ரத்தம் கட்டியிருக்கும், வீங்கியிருக்கும். இங்க ஒண்ணுமே இல்ல. இவனுக்குப் பொறக்கும்போதே எடது கிட்னி உண்டாகல. வலதுதான் ரெண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டு இருக்கு, அதான் பெருசா இருக்கு."

ஆறு வருடம்! ஆறு வருடமாக வரப்பில் ஓடி, எலி பிடித்து, அடுத்த தெரு நாய்களோடு சண்டை போட்டு, பொங்கலுக்குக் கரும்புச் சக்கையைத் திருடித் தின்றவன் ஒற்றைச் சிறுநீரகத்தோடு அதையெல்லாம் செய்திருக்கிறான். எங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

"இந்த மாதிரி நிறைய வரும்மா" என்று டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். "ஒண்ணைத் தேடி உள்ள பார்ப்போம், தேடாத ஒண்ணு கண்ணுல படும். மூத்திரப்பையில மணல் இருக்கும், கிட்னியில நீர்க்கட்டி இருக்கும், இவனை மாதிரி ஒண்ணு இல்லாமலே இருக்கும். நாய் பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கும். பல நேரம் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல, தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும். ஆனா இவனுக்கு இப்ப மயக்கம் குடுத்து ஆபரேசன் பண்ணணுமே, அதுக்கு இது ரொம்ப முக்கியம்."

ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்றைப் பார்ப்பார்களாம். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று அது காட்டும். முடிவு வருகிறவரை வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நான் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டேன். இவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. ஆட்டுக்காரப் பெரியவர் எங்களைத் தேடி வந்து இரண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "தாசில்தாருக்கு ஒண்ணும் ஆவாதுங்க, அவங்களை யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழிவு தேங்கவில்லை. ஒற்றைச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனாலும் டாக்டரம்மா இரண்டு வழியையும் மறைக்காமல் சொன்னார். ஆபரேசன் வேண்டாம் என்றால், எலும்பு கோணலாக ஒட்டும், உயிருக்கு ஆபத்தில்லை, நொண்டிக்கொண்டு இருப்பான். ஆபரேசன் என்றால், எலும்பில் தகடு வைத்துத் திருகாணி போட்டு நேராக்கலாம். மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கிச் சிறுநீரகம் அடிவாங்கிவிட்டால், மற்ற நாய்க்கு இன்னொன்று இருக்கும். இவனுக்கு இல்லை.

யாழினியை வீடியோவில் கூப்பிட்டோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, அவன் ஓடாம இருந்துடுவானாப்பா?"

இவர் தாசில்தாரைப் பார்த்தார். அவன் வலியோடு படுத்துக்கொண்டும், எதிரே போன பூனைக்காகக் காதை விறைத்தான்.

"இருக்கமாட்டான்" என்றார் இவர். "டாக்டரம்மா, பண்ணிடுங்க." நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேசன் மறுநாள் முற்பகல். இரண்டரை மணி நேரம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, மூடிய கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து வந்த டாக்டரம்மா முதலில் கட்டை விரலைக் காட்டினார். "எலும்பு நல்லா உக்காந்திருச்சு. இனிமே மூத்திரம் போகணும். அது போனாத்தான் எனக்கு நிம்மதி."

நரம்பில் குளுக்கோஸ் பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. வலிக்கு வேறு மருந்து. வழக்கமாகப் போடுகிற வலி ஊசி சிறுநீரகத்துக்கு ஆகாதாம், அதனால் மாற்றியிருந்தார்கள். அன்று சாயங்காலம் கண் விழித்தான், என் கையை நக்கினான், கொஞ்சம் கஞ்சி குடித்தான். மூத்திரம் மட்டும் போகவில்லை. விடிந்தும் போகவில்லை. உள்ளே இறங்குகிற தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குக் கவலை. மூத்திரப்பை நிரம்பிக்கொண்டு வருகிறது, ஆனாலும் அவன் விடமாட்டேன் என்கிறான் என்று டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னார். "ரொம்ப நேரம் தேங்கி நின்னா அந்த ஒத்தைக் கிட்னி மேல அழுத்தம் போகும். மூணு மணி வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா டியூப் போட்டு எடுக்கணும். கிருமி போயிடுமோன்னுதான் தயங்கறேன்."

வார்டில் பளபளவென்று டைல்ஸ். முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அங்கே சிமெண்ட் கல். இறக்கி விட்டால் மோந்து பார்ப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கலா, இவன் பொறந்ததுலேர்ந்து சிமெண்டுல போயிருக்கானா?"

"இல்லீங்க. நம்ம வீட்டு வாசல்லகூடப் போகமாட்டானே. வயலுக்குப் போய்த்தான்."

"அப்ப வயலை இங்க கொண்டு வரணும்."

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். புண்ணில் மண் படாமல் பார்த்துக்கொண்டால் சரி என்றார். இவர் ஒரு சாக்கோடும் சட்டியோடும் ரோட்டைத் தாண்டிப் போனார். எதிரே அறுவடை முடிந்த வயல். அங்கே கதிர் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, எதற்கு என்று கேட்டாளாம். நாய் மூத்திரம் போவதற்கு என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவில்லையாம். "எங்க வூட்டு நாயும் அப்படித்தாங்க, கண்ட எடத்துல போகாது. மேல இருக்கறது காஞ்சு கெடக்கு, வாய்க்கா ஓரத்துல ஈரமா அள்ளுங்க" என்று சொல்லி, தானே ஒரு கை அணைப்பு வைக்கோலையும் வாரிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

முற்றத்து மூலையில் சாக்கை விரித்து, ஈர மண்ணைக் கொட்டி, மேலே வைக்கோல் போட்டு, கையால் அணைத்து ஒரு வரப்பே கட்டிவிட்டார். வார்டைக் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"ஏங்க, இது ஆஸ்பத்திரியா, மாட்டுக் கொட்டாயா?"

"கால்நடை ஆஸ்பத்திரிதானேம்மா" என்றார் இவர். அந்த அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

இவர் தன் துண்டைத் தாசில்தாரின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு, அவனை மெதுவாக அந்த வரப்புக்கு நடத்தினார். நான் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவன் மண்ணை மோந்தான். வைக்கோலை மோந்தான். வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழு விசாரணை நடத்தினான். பிறகு நின்றான்.

போனான். அப்பாடா, எவ்வளவு நேரம்! மதகு திறந்துவிட்ட மாதிரி போய்க்கொண்டே இருந்தது. வைக்கோல் நனைந்து, மண் கரைந்து, சாக்கைத் தாண்டி இவர் கால் விரல்கள் வரைக்கும் ஓடி வந்தது. இவர் நகரவில்லை. துண்டைப் பிடித்தபடி நின்று, "போடா, நல்லா போடா, போடா என் ராசா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வார்டு அம்மா கை தட்டினார். டாக்டரம்மா அளந்து பார்க்க ஒரு கிண்ணத்தோடு ஓடி வந்தார், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தரையில் இருந்ததைப் பார்த்து, "அளக்க வேண்டாம், தெரியுது" என்றார். நான் ஒரு நாய் மூத்திரத்துக்காக இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவரோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். உலகத்தில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாழைத்தண்டைக் கடைசி நாள் வார்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். குடிதண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். நாமாக வலி மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. வேறு டாக்டரிடம் போனாலும், முதலில் ஒற்றைச் சிறுநீரகம் என்று சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் சொன்னார். வெறும் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரிந்திருக்காது என்பதால், அந்த வெள்ளை வட்டம் மட்டும் இல்லாவிட்டால் ஸ்கேன் வரைக்கும் போயிருக்கமாட்டாராம், வழக்கமான வலி ஊசியைத்தான் போட்டிருப்பாராம்.

வண்டியில் வரும் வழியெல்லாம் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "பார்த்தீங்களா? காசு முடிஞ்சீங்க, அதனால ஸ்கேன். ஸ்கேனால கிட்னி தெரிஞ்சுது. யாரு வேலை இது?"

"தற்செயல்" என்றார்.

"அந்தத் தற்செயலுக்கு மஞ்சத் துணி எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அந்தோணி ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார். வாய்க்கால் தலைப்பு வந்ததும் இவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், முனியாண்டியின் சூலத்தடியில் அந்தக் காசை வைத்தார். வைக்கும்போது முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். கும்பிடவில்லை. திரும்பி வந்து ஏறியவரிடம், "சாமி இருக்காராங்க?" என்று கேட்டேன். "சொன்ன சொல்லு இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம் கயிறு. அவன் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. புண் ஆறியது, தையல் பிரித்தாயிற்று, சாப்பாடு வழக்கம்போல. மூத்திரம் ஒரு வேளைகூடத் தப்பவில்லை. நானே தினமும் கூடப் போய்ப் பார்த்தேன். ஆனால் அந்த வலது கால் மட்டும் தரையில் படவில்லை. மூன்று காலில் குதித்துக் குதித்துப் போவான், அது காற்றில் தொங்கும். சில நாய்கள் மூன்று காலுக்குப் பழகிவிட்டால் எலும்பு சேர்ந்தாலும் நாலாவதை ஊன்றுவதே இல்லை என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். எண்ணெய் தடவினோம், நீவிவிட்டோம், கெஞ்சினோம். யாழினி தினமும் போனில் கேட்டாள், இன்னைக்கு வச்சானா? இல்லை. இன்னைக்கு? இல்லை. ஆபரேசனை இதற்காகத்தானே செய்தோம் என்று இவர் ஒரு நாள் சொன்னார். அதோடு சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

பங்குனிக் கடைசியில், தகடு எப்படி இருக்கிறது என்று மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கப் போனோம். அதே முற்றம், அதே வார்டு அம்மா. எங்கள் மண் வரப்பைக் கழுவி விட்டிருந்தார்கள். எங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தபோது டாக்டரம்மாவின் கார் உள்ளே வந்து நின்றது. எங்கெங்கோ போய் வந்த கார். அதன் டயரில் ஊரில் உள்ள நாய்களின் செய்தியெல்லாம் ஒட்டியிருக்கும்போல. தாசில்தார் கயிற்றை இழுத்துக்கொண்டு குதித்துக் குதித்துப் போய் மோந்தான். திரும்பத் திரும்ப மோந்தான். கழுத்து மயிர் சிலிர்த்தது. இதற்கு ஒரு பதில் எழுதாமல் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான் என்று தெரிந்தது.

தொங்கிக்கொண்டிருந்த வலது கால் மெதுவாகக் கீழே வந்தது. விரல் பட்டது. பிறகு பாதம் பட்டது. நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, ஒரு நொடி ஆடியது, நின்றது. இடது கால் தரையை விட்டு எழுந்தது. அடிபடாத, நல்ல இடது கால் ஒய்யாரமாக மேலே. முழு எடையும் கீழே, தகடும் திருகாணியும் வைத்த காலில்.

காரிலிருந்து இறங்கிய டாக்டரம்மா கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நான் பதறிப்போய், "ஐயோ, உங்க காருங்க!" என்று கயிற்றை இழுக்கப் போனேன்.

"விடுங்கம்மா, தொடாதீங்க!" என்றார் அவர். "படம் எடுக்கத்தான் எடுப்போம். ஆனா ரிப்போர்ட்டை அவனே எழுதிட்டான்."

என் வீட்டுக்காரர் யாழினியைக் கூப்பிடப் போனை எடுத்தார். அவள் அங்கே "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள். போனை அப்படியே அவன் பக்கம் திருப்பிப் பிடித்தார். தாசில்தார் எங்கள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. அவசரப்படவும் இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் அந்தக் காலிலேயே நின்றான்.